சாய்த்துப் போட்ட இரண்டு நாற்காலிகள்

இன்றைக்குக் காலையில் பவித்ரா போன் செய்தாள். திருத்தணிக்கும் அரக்கோணத்துக்கும் நடுவில் நான் வேலை பார்த்த பம்பு கம்பெனியில் இப்போது ஆட்களைக் கவனிக்கும் அதிகாரி அவள்தான். நான் ஓய்வு பெற்ற வருஷம் சேர்ந்தவள். புதிதாக மேனேஜர் ஆனவர்களுக்கு அவள் ஒரு வகுப்பு எடுக்க வேண்டுமாம். கோச்சிங் சைக்காலஜி என்றால் என்ன, அது யாருக்கெல்லாம் உதவும், பத்து நிமிஷத்தில் சொல்லுங்கள் சார் என்றாள்.

கம்பெனி இதற்காக ஏதோ ஒரு செயலியும் வாங்கியிருக்கிறதாம். ஆட்கள் போனிலேயே கேள்விகளுக்குப் பதில் தட்டிவிட்டால் போதுமாம். அது கேள்வி கேட்டுவிட்டுக் காத்திருக்குமா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பார்க்கும், பதில் வராவிட்டால் அடுத்த கேள்விக்குப் போய்விடும் என்றாள். எனக்குச் சுருக்கென்றது. இதைப் பத்து நிமிஷத்தில் சொல்ல முடியாதும்மா, சாயங்காலம் கூப்பிடு என்று வைத்துவிட்டேன். சாயங்காலத்துக்குள் மனசில் இருப்பதைக் கொஞ்சம் ஒழுங்கு செய்துகொள்ளலாம் என்றுதான் எழுத உட்கார்ந்தேன். எழுத எழுத ஒழுங்கு கெட்டுப்போனதுதான் மிச்சம்.

நான் அந்தக் கம்பெனியில் பர்சனல் டிபார்ட்மென்ட் கிளார்க். தபால் வழியில் எம்.ஏ. சைக்காலஜி படித்தேன். மனித மனத்தின் மேல் இருந்த ஆர்வம் ஒன்றும் காரணமில்லை. விண்ணப்பம் வாங்கப் போன அன்றைக்கு வேறு பாடத்துக்கு விண்ணப்பம் தீர்ந்துவிட்டது. பரீட்சைக்கு முந்தின வாரம் மட்டும் படித்துப் பாஸ் செய்தேன். இரண்டாயிரமாவது வருஷம் பிறந்த சமயத்தில், கோச்சிங் சைக்காலஜிக்கென்று கம்பெனி அமர்த்திய சுகந்தி மேடம் வந்து, இங்கே சைக்காலஜி படித்தவர் யாராவது உண்டா என்று கேட்டபோது, ஆபீஸ் மொத்தமும் என்னைக் காட்டிச் சிரித்தது. உண்மையான படிப்பு அன்றைக்குத்தான் ஆரம்பம்.

மேடம் சென்னையிலிருந்து மின்சார ரயிலில் வருவார். செவ்வாயும் வெள்ளியும் அவருக்கு எங்கள் கம்பெனி. செவ்வாய்க்கிழமை திருத்தணி ஸ்டேஷனில் இறங்குவதென்றால் சாதாரண விஷயமா? மொட்டைத் தலையும் சந்தனமுமாகக் கூட்டம் அலைமோதும். அதற்குள்ளிருந்து பருத்திப் புடவையும் தோள்பையுமாக நிதானமாக வெளியே வருவார். கம்பெனி வேனில் ஏறும்முன் ஒரு தரம் மலையை அண்ணாந்து பார்ப்பார். "ஒரு நாள் ஏறிடணும் ஏழுமலை" என்று கூட நிற்கிற என்னிடம் சொல்வார். அந்த ஒரு நாள் வரவே இல்லை.

கோணிப் பைகள் போட்டு வைத்திருந்த ஒரு அறையை அவருக்கு ஒழித்துக் கொடுத்தார்கள். மேனேஜர்கள் பெரிய மேசை ஒன்றை அனுப்பினார்கள். அதைத் திருப்பி அனுப்பிவிட்டார். நடுவில் மேசை இருந்தால் வருகிறவருக்கு விசாரணை ஞாபகம்தான் வரும் என்றார். இரண்டு நாற்காலி, அவையும் நேருக்கு நேர் இல்லாமல் கொஞ்சம் சாய்த்துப் போட்டவை. இருவரும் விரும்பினால் ஒருவரையொருவர் பார்க்கலாம், வேண்டாமென்றால் இருவரும் ஜன்னலைப் பார்க்கலாம். அந்தச் சாய்வைச் சரியாகப் போட எனக்கு ஒரு மாதம் பிடித்தது. மூலையில் ஒரு மண்பானை, அதன் மேல் டம்ளர். பானைக்குப் பக்கத்தில் எனக்கு ஒரு ஸ்டூல். வருகிறவர் சம்மதித்தால் மட்டும் நான் உட்காரலாம், இல்லையென்றால் வெளியே. அறையில் பேசியது அறையோடு. இன்னார் வந்தார் என்பதற்கு மேல் மேனேஜ்மென்டுக்கு ஒரு வார்த்தை போகாது.

ஊருக்கு இது புரிபட நாளானது. கோச்சிங் என்றதும் பத்தாவது படிக்கும் பிள்ளைக்குக் கணக்கு டியூஷன் எடுப்பார்களா என்று கேட்டு வந்தார்கள். சைக்காலஜி என்றதும் பைத்தியக்கார டாக்டர் என்று ஒதுங்கிப் போனார்கள். இரண்டும் இல்லை என்று விளக்கி எனக்கு வாய் வலித்தது. மேடம் சொல்வது எளிமையாக இருக்கும். நன்றாக இருக்கிற மனுஷனுக்கும் ஒரு இடத்தில் கால் நின்றுபோகும். எங்கே போக வேண்டும் என்று தெரியாமல் நிற்கலாம், தெரிந்தும் கால் எழும்பாமல் நிற்கலாம். அந்த மாதிரி நிற்கிறவரோடு கூட நின்று, அவர் வாயாலேயே அவர் வழியைச் சொல்ல வைப்பது. மனசு எப்படி இயங்குகிறது என்கிற படிப்பு அதற்குத் துணை. புதிதாகப் பொறுப்புக்கு வந்தவர், பிள்ளை பெற்றுத் திரும்பி வேலைக்கு வருகிற பெண், ஓய்வு நெருங்குகிறவர், நாலு பேர் முன்னால் பேச வராதவர், இவர்களுக்கெல்லாம் இது உதவும்.

உதவாத இடமும் அவருக்குத் தெரியும். பெயின்ட் செக்‌ஷனிலிருந்து ஒருவர் வந்தார். தூக்கமே இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, விடிந்தால் ஏன் விடிந்தது என்று இருக்கிறது என்றார். மேடம் அவரிடம் வழக்கமான கேள்வி எதையும் கேட்கவில்லை. இது இந்த நாற்காலியில் ஆகிற காரியம் இல்லை, டாக்டரைப் பார்க்க வேண்டும் என்று நேராகவே சொன்னார். அன்றைக்கே வேனில் அவருடன் அரக்கோணத்துக்குப் போய், டாக்டர் அறை வாசல் வரைக்கும் இருந்துவிட்டு வந்தார். அந்த மனுஷர் தேறி வந்தார். தன் எல்லை தெரியாதவர்களிடம் இந்தப் படிப்பு போய்ச் சேரக் கூடாது என்று அப்புறம் என்னிடம் கோபமாகவே சொன்னார். யார் மேல் கோபம் என்று சொல்லவில்லை.

என் பாடு வேறு. நான் பிறந்து வளர்ந்த ஊரில் யோசனை சொல்லாமல் ஒருத்தராலும் இருக்க முடியாது. பஸ் ஸ்டாண்டுக்கு வழி கேட்டால், வழியோடு சேர்த்து உங்கள் பெண்ணுக்கு எந்த ஊரில் மாப்பிள்ளை பார்க்கலாம் என்பதையும் சொல்லி அனுப்புவோம். அறையில் யாராவது கஷ்டத்தைச் சொல்ல வாயைத் திறந்தால், எனக்கு மூன்று யோசனை நாக்கு நுனியில் தயாராக நிற்கும். மேடம் பார்த்தார். "யோசனை சொல்லணும்னு தோணுச்சுன்னா ஒரு மடக்கு தண்ணி குடிங்க ஏழுமலை" என்றார். பானையை என் பக்கத்தில் வைத்ததன் காரணம் அப்போதுதான் புரிந்தது. முதல் சில மாதங்கள் நான் குடித்த தண்ணீருக்கு அளவே இல்லை. நடுவில் எழுந்து எழுந்து வெளியே வேறு போக வேண்டியிருந்தது.

அவருடைய முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான். "இன்னைக்கு இங்கேருந்து எழுந்து போறப்ப என்ன ஆகியிருந்தா உங்களுக்கு நல்லா இருக்கும்?" கேட்டுவிட்டு ஜன்னலைப் பார்ப்பார். அவர் பார்வையில் அவசரம் இருக்காது. வெளியே லேத் ஓடும், ஃபேன் சுற்றும், இவர் காத்திருப்பார். மௌனத்தைக் கண்டால் எங்களுக்கெல்லாம் பயம், யாராவது எதையாவது பேசி அதை மூடிவிடுவோம். அவர் மூட மாட்டார்.

அடுத்தது, போக வேண்டிய இடம் பத்து என்றால் இப்போது எந்த எண்ணில் இருக்கிறீர்கள் என்று கேட்பார். இது எங்கள் ஆட்களிடம் எடுபடவில்லை. மார்க் என்றதும் பள்ளிக்கூடத்து வாத்தியார் ஞாபகம் வந்து தலை குனிந்துகொள்வார்கள். நான்தான் தயங்கித் தயங்கி, திருத்தணி மலையை வைத்துக் கேட்டுப் பார்க்கலாமா மேடம் என்றேன். படியேறாத கால் இந்தப் பக்கத்தில் இல்லை. அதிலிருந்து, மலையில் எங்கே நிற்கிறீர்கள் என்று கேட்க ஆரம்பித்தார். அடிவாரத்துச் சரவணப் பொய்கையில் காலே நனைக்கவில்லை என்பார் ஒருவர். பாதி வழி மண்டபத்தில் மூச்சு வாங்குகிறது என்பார் இன்னொருவர். சரி, அடுத்த படி எது என்று கேட்பார். மறுநாளைக்குள் செய்து முடிக்கிற ஒரு சின்னக் காரியம், அதையும் அவர்களே சொல்ல வேண்டும். மேடம் அந்த யோசனைக்காக என்னைப் பாராட்டினார். இதை எழுதும்போதும் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருக்கிறது.

இனி முனிரத்தினம். இந்தக் கதையை யாரிடம் வேண்டுமானாலும் சொல்லலாம் என்று அவரும் அவர் மனைவியும் சொல்லிவிட்டார்கள். பெயரை மட்டும் நான் மாற்றியிருக்கிறேன்.

ஆர்.கே.பேட்டைக்குப் பக்கத்து ஊர், விவசாயக் குடும்பம். பம்பைப் பூட்டிச் சேர்க்கிற அசெம்பிளி பிரிவில் ஃபிட்டர். ஓடுகிற பம்பின் மேல் ஸ்க்ரூ டிரைவர் நுனியை வைத்து, பிடியைக் காதில் ஒட்டிக் கேட்பார். பேரிங் முனகுவது அதில் தெரிந்துவிடும். வேலை செய்யும்போது சீட்டி அடிப்பார், அந்த சீட்டியை வைத்தே ஆள் எங்கே என்று கண்டுபிடிக்கலாம். கம்பெனி அவரை ஃபோர்மேன் ஆக்கியது. ஊரில் அவர் வீடு 'ஃபோர்மேன் வூடு' ஆனது. மனைவி கன்னியம்மா 'ஃபோர்மேனம்மா' ஆனார். அவருடைய நைனா டீக்கடையில் பேசுகிற பேச்சுக்கு அளவில்லாமல் போனது.

ஒரு வருஷத்துக்குள் எல்லாம் கோணலானது. யாராவது தப்பாகப் பூட்டினால் திட்டத் தெரியாமல் தானே உட்கார்ந்து கழற்றி மாட்டுவார். ஆட்களுக்குள் சண்டை வந்தால் ஃபோர்மேனுக்கான கண்ணாடிக் கூண்டுக்குள் போய் உட்கார்ந்துகொள்வார். சீட்டி நின்றுபோனது. ஜி.எம். அவரை எங்களிடம் அனுப்பினார். இவரை ஒரு நல்ல ஃபோர்மேனாக்கிக் கொடுங்கள் என்பது உத்தரவு.

மலையில் எங்கே நிற்கிறீர்கள் என்று மேடம் முனிரத்தினத்தையும் கேட்டார். அவர் சொன்னார்: "நான் இந்த மலையிலயே இல்ல மேடம். எதிர் மலையில நின்னுகினு இத்தப் பாத்துகினு இருக்கேன்."

"அங்கேருந்து என்ன தெரியுது?"

"என் பெஞ்சு தெரியுது" என்றார். சொல்லிவிட்டு, யாராவது கேட்டுவிட்டார்களா என்பதுபோல் கதவைப் பார்த்தார்.

ஃபிட்டர் வேலைக்கே திரும்பிவிட வேண்டும், அவ்வளவுதான் அவர் ஆசை. ஆனால் மேலே போனவன் கீழே இறங்கினால் எங்கள் பக்கத்தில் என்ன பேசுவார்கள் என்று எனக்குத் தெரியும். தப்பு செய்து மாட்டிக்கொண்டான் என்பார்கள். கன்னியம்மாவுக்கு இது தெரியுமா என்று மேடம் கேட்டார். தெரியாது. யாருக்குமே தெரியாது. அடுத்த படி எது என்றதற்கு, வீட்டில் சொல்லிவிடுகிறேன் என்று அவரே சொல்லிவிட்டுப் போனார்.

அவர் சொல்லவில்லை. எங்கள் ஊர்க்காரர்கள் இந்த மாதிரி நேரத்தில் என்ன செய்வார்களோ அதைச் செய்தார். வேலையில் ஒரு குழப்பம், ஃபோர்மேனாக இருப்பதா விடுவதா என்று அம்மனையே கேட்டுவிடலாம் என்று மனைவியிடம் சொல்லி, ஊர் அம்மன் கோயிலில் பூக்கட்டிப் பார்க்க ஏற்பாடு செய்தார். வழக்கம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். வாழை இலைத் துண்டில் ஒரு பொட்டலம் வெள்ளைப் பூ, ஒரு பொட்டலம் சிவப்புப் பூ. இரண்டையும் அம்மன் காலடியில் வைத்து, கண்ணை மூடி ஒன்றை எடுப்பது. வெள்ளை வந்தால் ஃபோர்மேன், சிவப்பு வந்தால் பழையபடி பெஞ்சு. பொட்டலம் கட்டியது முனிரத்தினம். எடுத்தது கன்னியம்மா. செவ்வரளி வந்தது. கன்னியம்மா அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டு, அம்மன் சொன்னபடி ஆகட்டும் என்று எழுந்து வந்துவிட்டாராம்.

அடுத்த வெள்ளிக்கிழமை அவர் வந்து இதைச் சொல்லி முடித்தபோது, காரியம் நல்லபடியாக முடிந்தது என்றுதான் நினைத்தேன். ஆனால் ஆள் காய்ச்சலில் கிடந்தவர் மாதிரி இருந்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு வாடிய இலைப் பொட்டலத்தை எடுத்தார்.

"இது இன்னொரு பொட்டலம் மேடம். இதுலயும் செவ்வரளிதான் கட்னேன்."

சரவணப் பொய்கையில் எறிந்துவிட்டு மறந்துவிடுங்கள், அம்மனுக்கு ஒரு பொங்கல் வைத்தால் தீர்ந்தது என்று எனக்கு இரண்டு யோசனையும் ஒரே நேரத்தில் வந்தன. டம்ளரை எடுத்து முழுவதையும் குடித்தேன். முனிரத்தினம் பொட்டலத்தை மேடத்திடம் நீட்டினார். மேடம் வாங்கவில்லை.

"அது என்னுது இல்லையே" என்றார் மெதுவாக. "யாருதுங்க அது?"

நீட்டிய கை அப்படியே நின்றது. ஷிஃப்ட் சங்கு ஊதி, ஆட்கள் பேசிக்கொண்டே ஜன்னலைக் கடந்து போய், மறுபடி வெளியே அமைதியானது. மேடம் அசையவில்லை. முப்பது வருஷத்துக்கும் மேல் வேலை பார்த்தவன் நான், அந்த மாதிரி ஒரு காத்திருப்பை வேறு எங்கேயும் பார்த்ததில்லை. கடைசியில் கையை மடக்கிக்கொண்டு, "கன்னியம்மாளுது" என்றார் முனிரத்தினம். பொட்டலத்தைத் திரும்பப் பையில் வைத்துக்கொண்டு எழுந்து போனார்.

செவ்வாய்க்கிழமை வந்து அவரே சொன்னார். கன்னியம்மா வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தாராம். இவர் எதிரில் உட்கார்ந்து பொட்டலத்தை வைத்திருக்கிறார். அவர் நாரை அவிழ்த்துப் பார்த்துவிட்டு, "பூக்கூடையில வெள்ளப் பூ வெச்சது வெச்சபடி இருந்திச்சி. நான் அன்னிக்கே பாத்துட்டேன்" என்றாராம்.

அப்புறம் ஏன் அழுதாய் என்று இவர் கேட்டிருக்கிறார்.

"இந்த ஒரு வார்த்தைய என்னாண்ட சொல்றதுக்கு உனுக்கு அம்மன் வேண்டி இருந்திச்சே, அதுக்குத்தான் அழுதேன்."

ஃபோர்மேன் வேலையை விடுவதா வேண்டாமா என்பது முனிரத்தினத்துக்கு ஒரு கேள்வியாகவே இருந்ததில்லை. சொல்ல வாய் வராததுதான் அவரைத் தின்றுகொண்டிருந்தது. அவர் நீட்டியபோது மேடம் வாங்கி வைத்துக்கொண்டிருந்தால் அந்தப் பொட்டலம் என்றைக்கும் வீடு போய்ச் சேர்ந்திருக்காது.

பெஞ்சுக்குத் திரும்ப வேண்டும் என்று முனிரத்தினமே ஜி.எம்.மிடம் போய்க் கேட்டார். ஜி.எம். மேடத்தைக் கூப்பிட்டார், நானும் கூடப் போனேன். ஆளை மேலே தூக்கிவிடத்தான் உங்களை வைத்திருக்கிறோம், இறக்கிவிட இல்லை என்றார். எங்கே போக வேண்டும் என்பதை அவர்தான் சொல்ல வேண்டும், நானோ நீங்களோ சொல்ல முடியாது என்றார் மேடம். குரல் உயரவில்லை, ஒரு அங்குலம் விட்டுக்கொடுக்கவும் இல்லை. ஜி.எம். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன், அவரைக் கேள்வி கேட்கவும் மேலே ஆள் இருந்தது. முனிரத்தினம் பெஞ்சுக்குப் போனார். அந்த வருஷம் முடிந்ததும், இனி செவ்வாயும் வெள்ளியும் வர வேண்டியதில்லை என்று மேடத்துக்குச் சொல்லிவிட்டார்கள். அசெம்பிளியில் சீட்டிச் சத்தம் கேட்க ஆரம்பித்து அப்போது வெகுநாளாகியிருந்தது.

கடைசி வெள்ளிக்கிழமை வேனுக்கு நேரம் இருந்தது. மேடம் எப்போதும்போலத் தன் நாற்காலியில் உட்கார்ந்து, எதிர் நாற்காலியைக் காட்டினார். அத்தனை வருஷமும் ஸ்டூலில் உட்கார்ந்த எனக்கு அது புதிது. உட்கார்ந்தேன்.

"ஏழுமலை, உங்களுக்கு என்ன வேணும்?"

கேட்டுவிட்டு ஜன்னலைப் பார்த்தார். ஒன்றுமில்லை மேடம் என்றேன். அவர் அதைப் பதிலாக எடுத்துக்கொள்ளவில்லை, இன்னும் காத்திருந்தார். டிரைவர் வந்து ஹாரன் அடித்தார். ஸ்டேஷனில் ரயில் வரும்வரை எதிரே மலையைப் பார்த்துக்கொண்டு நின்றோம். ஒரு நாள் வந்து ஏறுவேன் என்றார். ரயில் வந்தது, ஏறிக்கொண்டார்.

திங்கட்கிழமை அந்த அறைக்குள் மறுபடி கோணிப் பைகள் வந்தன. மேடத்தின் போன் நம்பர் சில வருஷத்தில் மாறிப்போனது. எங்கே இருக்கிறார், இருக்கிறாரா, எதுவும் தெரியாது. முனிரத்தினத்தை இப்போதும் திருத்தணி மார்க்கெட்டில் பார்ப்பேன். "மேடம் எங்கனா கண்ல பட்டாங்களா?" என்பதுதான் முதல் பேச்சு. ஆடிக் கிருத்திகைக் கூட்டத்தில் பருத்திப் புடவையும் தோள்பையுமாக யாராவது படியேறினால் முகத்தைப் பார்க்காமல் என்னால் நகர முடிவதில்லை. மனைவி கேலி செய்வாள், செய்யட்டும். வீட்டில் எல்லோரும் என்னிடம் யோசனை கேட்கிறார்கள், எல்லோரும் எனக்கு யோசனை சொல்கிறார்கள். கேட்டுவிட்டுக் காத்திருக்கத்தான் ஆளில்லை.

இதுவரை எழுதியிருந்தேன். சாயங்காலம் சொன்னபடி பவித்ரா கூப்பிட்டாள். எழுதியதையெல்லாம் அவளுக்குச் சொன்னேன், நாற்காலி, பானை, மலை, பொட்டலம் எல்லாவற்றையும். பத்து நிமிஷம் எப்போதோ தாண்டிவிட்டது. அவள் குறுக்கே பேசவில்லை. முடித்ததும் கேட்டாள்.

"சார், அன்னைக்கு மேடம் கேட்டாங்களே. உங்களுக்கு என்ன வேணும்னு இருந்துச்சு?"

நான் ஜன்னல் வழியாக மலையைப் பார்த்தேன். விளக்குகள் போட்டிருந்தார்கள். லைன் கட்டாகிவிட்டதோ என்று போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன், இருந்தது. அவள் இருந்தாள்.

"அவங்க போவக் கூடாதுன்னு இருந்திச்சிம்மா" என்றேன். "அந்த ரூம் எனக்கு வேணும்னு இருந்திச்சி."

பரவாயில்லை சார் என்றோ, அதெல்லாம் பழைய கதை என்றோ அவள் ஆறுதல் சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். அதற்குப் பதிலாக அந்தப் பக்கத்தில் பாட்டில் மூடியைத் திருகுகிற சத்தமும், ஒரு மடக்குத் தண்ணீர் இறங்குகிற சத்தமும் கேட்டன.